இலைக்கு அடியில் ஊர்வது என்ன? கைலென்ஸ் முதல் மேக்ரோ கேமரா வரை, எது யாருக்கு?

"இலைக்கு அடியில என்னமோ ஊருது. போன்ல எடுத்தா வெறும் புள்ளியாத்தான் விழுது. என்ன வாங்கினா தெரியும்?" மிளகாய் போட்டவர், தென்னை வைத்திருப்பவர், மாடித்தோட்டக்காரர், வேளாண்மை படிக்கும் மாணவர் என எல்லோரும் கேட்பது இதைத்தான். பதில்தான் ஆளுக்கொன்றாக வரும். கேமரா வைத்திருக்கும் நண்பர், மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கு என்பார். ஆன்லைனில் தேடினால் ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் மைக்ரோஸ்கோப் இரண்டாயிரம் ரூபாய்க்கு வந்து நிற்கும். உரக்கடைக்காரரோ எதுவும் வாங்கச் சொல்லமாட்டார். இலையைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டிவிடுவார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவி என்பதைப் பூச்சியின் அளவு பாதிதான் தீர்மானிக்கிறது. பார்த்த பிறகு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது மீதிப் பாதி. மருந்து அடிப்பதா வேண்டாமா என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டுமா, தெரிந்தவருக்குப் படம் அனுப்பிக் கேட்க வேண்டுமா, இனத்தின் பெயரே உறுதியாகத் தெரிய வேண்டுமா? மூன்றும் மூன்று வேலை. மூன்றாவது வேலைக்கு எந்தக் கேமராவும் முழுதாக உதவாது என்பதைக் கேமரா விற்பவர் யாரும் சொல்வதில்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

அளவு. அசுவினி 1 முதல் 3 மி.மீ. இலைப்பேனும் சாதாரண வெள்ளை ஈயும் ஏறத்தாழ 1 மி.மீ. செஞ்சிலந்தி அரை மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. மிளகாயில் வரும் மஞ்சள் முரணைச் சிலந்தி 0.2 மி.மீ.தான் இருக்கும். தேங்காய்க் குரும்பையின் தலைப்பக்க இதழ்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஈரியோபைட் சிலந்தியும் நீளத்தில் அவ்வளவுதான். ஆனால் அகலம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்குமோ என்னவோ, புழுபோல் மெலிந்திருக்கும். நல்ல கண்ணுக்கு, ஒரு சாண் தள்ளிப் பிடித்தால், 0.1 மி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு கோடுகள் தனித்தனியாகத் தெரிவதே எல்லை. அசுவினிக்குக் கண்ணே போதும். முரணைச் சிலந்திக்கு எந்தக் கண்ணும் போதாது.

இடைவெளி. கருவி இலைக்கு எவ்வளவு பக்கத்தில் போக வேண்டும்? நெருங்க நெருங்க உங்கள் நிழலே இலைமேல் விழும். வெள்ளை ஈ பறந்துவிடும், தத்துப்பூச்சி பக்கவாட்டில் நகர்ந்து இலையின் மறுபக்கம் போய்விடும்.

காற்றும் கையும். ஒரு கை இலையைத் திருப்பிப் பிடித்திருக்கும். மிச்சம் ஒரு கை. அந்த ஒரு கையால் இயக்க முடியாத கருவி தோட்டத்தில் பாதி நாள் பையிலேயே கிடக்கும். கடலோர மாவட்டங்களில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று, பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. இவற்றை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

காட்டுவதற்கு ஆதாரம் வேண்டுமா. நீங்கள் பார்த்தால் போதுமா, இன்னொருவர் பார்க்க வேண்டுமா?

பெட்டியில் எழுதாத செலவு. கேபிள், பேட்டரி, வியர்வை, தூசி, மழைக்காலப் பூஞ்சை, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படம் பிரிக்கும் நேரம்.

பூச்சியைச் சரியாக அறிவதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், மிளகாயையே எடுத்துக்கொள்ளலாம். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் முரணைச் சிலந்தி என்பது பாடம். தோட்டத்தில் இரண்டும் ஒரே செடியில் இருக்கும். வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் வைரஸும் இலையைச் சுருட்டும். சிலந்தி பூச்சியினமே அல்ல, எட்டுக்கால் இனம். பூச்சிக்கென்று அடிக்கும் மருந்துகள் பலவற்றுக்கு அது அசையாது. செயற்கை பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் சிலந்தியைத் தின்னும் நல்ல உயிர்கள் செத்து, சிலந்தி முன்பைவிடப் பெருகும். ஒரு டேங்க் மருந்துக் காசுக்கு இரண்டு லென்ஸ் வாங்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## ஒரே பார்வையில்

| கருவி | எதுவரை தெரியும் | இலைக்கு இடைவெளி | தோராய விலை | சொல்லாத செலவு |
|---|---|---|---|---|
| வெள்ளைத் தாள் | இலைப்பேன், செஞ்சிலந்தி இருக்கிறதா இல்லையா | – | இல்லை | பெயர் சொல்லாது |
| 10 மடங்கு கைலென்ஸ் | செஞ்சிலந்தி, வெள்ளை ஈ இளம்பருவம் | 2.5 செ.மீ. | சில நூறு ரூபாய் | கண் பழக வேண்டும், படம் கிடையாது |
| 20 மடங்கு கைலென்ஸ் | முரணைச் சிலந்தியும் அதன் முட்டையும் | 1.25 செ.மீ. | நல்லதென்றால் ஆயிரத்துக்கு மேல் | வெளிச்சம் குறைவு, கை நடுங்கினால் போச்சு |
| போனின் சொந்த மேக்ரோ | அசுவினி, மாவுப்பூச்சி | 2 முதல் 4 செ.மீ. | போனோடு வருவது | விலை குறைந்த போனில் பெயருக்குத்தான் |
| கிளிப் லென்ஸ் | இலைப்பேன், செஞ்சிலந்தி | 1.5 முதல் 3 செ.மீ. | 300 – 1,500 | கவரைக் கழற்றணும், போன் சூடாகும் |
| யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் | முரணைச் சிலந்தி, மேசையில் வைத்தால் | ஏறக்குறைய ஒட்டியே | 1,500 – 3,000 | தோட்டத்தில் பயனில்லை |
| நீர்புகாத மேக்ரோ கேமரா | இலைப்பேன் தெளிவாக | 1 செ.மீ. | 40,000க்கு மேல் | நிழல் |
| பெரிய கேமரா + மேக்ரோ லென்ஸ் | இலைப்பேன் மிகத் தெளிவாக | 13 செ.மீ. அல்லது மேல் | அரை லட்சம் முதல் மேலே எவ்வளவும் | எடை, நேரம், பூஞ்சை |

விலைகள் கடைக்குக் கடை மாறும். ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## வெள்ளைத் தாள்: காசில்லாத முதல் கருவி

இதைக் கருவி என்றே யாரும் எண்ணுவதில்லை. கொழுந்தையோ பூவையோ ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்து நான்கைந்து தட்டுத் தட்டுங்கள். மெல்லிய கோடாக விழுந்து ஓடுவது இலைப்பேன். புள்ளியாக விழுந்து, சற்று நேரம் கழித்து மெதுவாக நகர்வது சிலந்தி. விரலால் தேய்த்தால் சிவப்பாகவோ பழுப்பாகவோ கோடு விழுந்தால் செஞ்சிலந்தியாக இருக்கலாம்.

மிளகாயில் பூவைத் தட்டாமல் விட்டுவிடாதீர்கள். 2021-ல் ஆந்திரா, தெலுங்கானா மிளகாய் வயல்களைப் புரட்டிப்போட்ட கரும் இலைப்பேன், திரிப்ஸ் பார்விஸ்பைனஸ், பூவுக்குள்தான் கூட்டமாக இருக்கும். இலையை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தால் கண்ணில் படாமலே போகும்.

தேடும் நேரம் காலை. வெயில் ஏறுவதற்குள் பூச்சிகள் மந்தமாக இருக்கும், காற்றும் இருக்காது. எறும்பு வரிசை எந்தக் கிளையில் ஏறுகிறதோ அங்கே அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ தேன்கழிவு சிந்திக்கொண்டிருக்கும். இலை மேல்புறம் அந்தக் கழிவு விழுந்து கருப்பாகப் பூசணம் பிடித்திருந்தால், அதற்கு நேர் மேலே இருக்கும் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள்.

## கைலென்ஸ்: நின்ற இடத்தில் முடிவெடுக்க

நகைக்கடையில் வைரம் பார்க்கும் அதே 10 மடங்கு லென்ஸ்தான். படிக்கும் பூதக்கண்ணாடி வேறு, இது வேறு. அது இரண்டு, மூன்று மடங்கோடு நின்றுவிடும்.

பிடிக்கும் முறையில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். லென்ஸை இலைக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டு தலையைத் தூரத்தில் வைத்தால் ஒரு சிறு வட்டம்தான் தெரியும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, கட்டை விரலைக் கன்னத்தில் ஊன்றி, இலையை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். இரண்டு அங்குலத்தில் மங்கல், ஓர் அங்குலத்தில் சட்டென்று தெளிவு. மற்றக் கண்ணை மூடவேண்டாம், மூடினால் சீக்கிரம் களைத்துப்போகும்.

வாங்கும்போது ஒரு சோதனை. ஆன்லைனில் "30 மடங்கு, 21 மி.மீ." என்று எழுதிய மடக்கு லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. பெருக்கம் ஏற ஏற லென்ஸின் விட்டமும் இடைவெளியும் சுருங்கியே ஆகவேண்டும். 10 மடங்கு லென்ஸ் 2.5 செ.மீ.யில் தெளிவாகும், 20 மடங்கு அதில் பாதியில், 30 மடங்கு ஒரு செ.மீ.க்கும் குறைவாக. ஸ்கேலை வைத்துப் பாருங்கள். "30" என்று எழுதியது 2.5 செ.மீ.யிலேயே தெளிவாகத் தெரிந்தால் அது 10 மடங்குதான். பயன்படாது என்றில்லை, எழுதியிருப்பது பொய், அவ்வளவுதான்.

இது எதற்கு மிகச் சிறந்தது என்றால், மருந்து அடிக்காமல் இருப்பதற்கு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ தென்பட்டது. சாதாரண வெள்ளை ஈயைப்போல் இரண்டரை மடங்கு பெரியது, ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு மாவு பூசியதுபோல் ஆக்கிவிடும். பார்த்தவர் எல்லோருக்கும் உடனே மருந்தடிக்கத்தான் தோன்றும். கருவி இல்லாத கண்ணுக்கு அந்த வெண்மை மட்டும்தான் தெரியும். அதே ஓலைத் துண்டை லென்ஸில் பாருங்கள். மெழுகுக்கு நடுவே நீள்வட்டமாக, ஓலையோடு ஒட்டி அசையாமல் இருப்பவை கூட்டுப்பருவங்கள். சில காலியாக இருக்கும். காலிக்கூட்டின் முதுகில் ஆங்கில 'T' எழுத்து வடிவில் கிழிசல் இருந்தால் வெள்ளை ஈ பிறந்து போயிருக்கிறது. ஒழுங்காகக் கத்தரித்தது போல வட்ட ஓட்டை இருந்தால், உள்ளே இருந்தது என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி. ஈயைத் தின்று தீர்த்துவிட்டு வெளியே போயிருக்கிறது. ஓர் ஓலையில் வட்ட ஓட்டைகள் கணிசமாக இருக்கும்போது மருந்தடித்தால், சாவது முதலில் அந்தக் குளவிதான். இந்த வெள்ளை ஈக்கு ரசாயன மருந்து வேண்டாம், ஒட்டுண்ணியைக் காப்பாற்றுங்கள் என்று ஆராய்ச்சி நிலையங்கள் சொல்லிவருவதும் இதனால்தான். 'T'யா வட்டமா என்று பார்க்க 10 மடங்கு போதும்.

இன்னொன்று மாவுப்பூச்சி. கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு, தான் தின்னும் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளோடு இருக்கும். போனில் எடுத்த மங்கல் படத்தில் இரண்டும் ஒன்றுதான். லென்ஸில் பார்த்தால் பொறிவண்டுப் புழுவின் இழைகள் நீளமாக, தாறுமாறாகத் தொங்கும், சுறுசுறுப்பாக நடக்கும், அருகில் இருக்கும் மாவுப்பூச்சியைக் கவ்வி உறிஞ்சிக்கொண்டிருக்கும். "பெரிய மாவுப்பூச்சி வந்திருக்கு" என்று அதைத்தான் பலரும் முதலில் நசுக்குகிறார்கள்.

20 மடங்கு லென்ஸ், மிளகாய் போடுபவருக்கு மட்டும் தேவை என்பேன். முரணைச் சிலந்தியின் முட்டை அதில் அழகாகத் தெரியும்: ஒளி ஊடுருவும் நீள்வட்டம், மேலே வரிசையாக வெள்ளைப் புடைப்புகள். ஆண் சிலந்தி, அசையாமல் கிடக்கும் இளம் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நரம்போரம் நடப்பதும் தெரியும். வேறு எந்தச் செடிச் சிலந்தியோடும் குழப்பிக்கொள்ள வேண்டியிருக்காது. ஆனால் 1.25 செ.மீ. இடைவெளியில் வெளிச்சம் புகுவதே கடினம். கண்ணாடி போட்டவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: நீங்கள் பார்த்ததை வேறு யாரும் பார்க்க முடியாது.

## போனின் சொந்த மேக்ரோ

இதில் இரண்டு சாதி உண்டு. விலை உயர்ந்த போன்கள் அகலக்கோணக் கேமராவையே 2, 3 செ.மீ. வரை நெருங்கவிட்டு மேக்ரோவாக்குகின்றன. அதில் அசுவினிக் கூட்டம், மாவுப்பூச்சி, படைப்புழு முட்டைக் குவியல் எல்லாம் நன்றாக விழும். விலை குறைந்த போன்களில் "2 மெகாபிக்சல் மேக்ரோ" என்று தனியாக ஒரு கண் வைத்திருப்பார்கள். கண்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட வைத்தது என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் போன் வைத்திருப்பவர், மேக்ரோவை மறந்துவிட்டு முதன்மைக் கேமராவில் ஓர் அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுத்தால் அதைவிட நல்ல படம் கிடைக்கும்.

தனியாக எதுவும் வாங்காமல், சேதத்தின் அறிகுறியை மட்டும் காட்ட இது போதும். செயலிகள் பார்ப்பதும் அறிகுறியைத்தான். ஜெர்மானிய நிறுவனம் தொடங்கிய பிளாண்டிக்ஸ் ஆகட்டும், 2024-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை ஆகட்டும், நீங்கள் கொடுக்கும் படத்தில் இல்லாத பூச்சியை அவை கண்டுபிடிக்க முடியாது. சுருண்ட இலையின் மேல்புறத்தை மட்டும் எடுத்து அனுப்பினால் ஊகம்தான் பதிலாக வரும்.

## கிளிப் லென்ஸ்: பெரும்பாலோருக்கு இதுவே போதும்

போனின் முதன்மைக் கேமராவுக்கு மேல் துணிக்கிளிப் போலக் கவ்வும் சிறு லென்ஸ். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும். சாதாரண கிளிப் லென்ஸ் 16 முதல் 26 மி.மீ. அகலமுள்ள பரப்பைப் படம் முழுக்க நிரப்பும். படம் 4,000 பிக்சல் அகலம் என்றால், 1 மி.மீ. இலைப்பேனுக்கு 150 முதல் 250 பிக்சல் கிடைக்கும். அரை லட்சம் ரூபாய் கேமராவில் ஒன்றுக்கு ஒன்று (பூச்சி தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்) மேக்ரோ லென்ஸ் போட்டால்? 23 மி.மீ. சென்சாரில் 6,000 பிக்சல், அதாவது 1 மி.மீ.க்கு 260. தரத்தில் வித்தியாசம் நிச்சயம் உண்டு. ஓரங்கள் மங்கும், நிறம் பிரியும். ஆனால் "இது இலைப்பேனா, அசுவினிக் குஞ்சா" என்று தெரிந்துகொள்ளும் வேலைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே தகவலைத்தான் தருகின்றன.

மறைந்த செலவுகள் சில்லறையாக வரும். போன் கவரைக் கழற்ற வேண்டும். மூன்று கண் உள்ள போனில் எந்தக் கண் வேலை செய்கிறது என்பதை விரலால் மூடி மூடிப் பார்த்து, அதன் மேல் மாட்ட வேண்டும். நெருங்கியதும் போன் தானாக அகலக்கோணத்துக்குத் தாவினால் அந்தத் தானியங்கி மேக்ரோவை அமைப்பில் அணைக்க வேண்டும். வெயிலில் பத்து நிமிடம் பிடித்தால் திரை மங்கி, போன் சூடாகிக் கேமராவே நின்றுபோகும். கிளிப்பின் உள்பக்க ரப்பரில் மண் ஒட்டியிருந்தால் போனின் கண்ணாடி கீறிவிடும், மாட்டும் முன் ஒரு துடை துடையுங்கள்.

எடுக்கும்போது செய்ய வேண்டியவை:

- இலை பிடித்திருக்கும் கையும் போன் பிடித்திருக்கும் கையும் ஒன்றையொன்று தொட்டிருக்கட்டும். காற்றில் ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும்.
- ஃபோகஸைத் திரையில் தொட்டுப் பூட்டிவிட்டு, போனை மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவைத் தேடுங்கள்.
- நகரும் பூச்சிக்கு வீடியோ எடுங்கள். ஓடும் விதமே பாதி அடையாளம். அதிலிருந்து ஒரு காட்சியை நிறுத்திப் படமாக எடுத்துக்கொள்ளலாம்.
- போனின் ஃபிளாஷ் வேண்டாம். மெழுகும் பளபளப்பும் வெளுத்துப்போகும். ஒளி ஊடுருவும் சிலந்திக்குப் பக்கவாட்டிலிருந்து விழும் சாய்வான வெளிச்சம்தான் உருவம் கொடுக்கும்.
- ஒரு படத்திலாவது மி.மீ. கட்டம் போட்ட கிராஃப் தாளின் துண்டு பூச்சிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அளவு தெரியாத படத்தில் 2 மி.மீ. ஈயும் 1 மி.மீ. ஈயும் ஒன்றுதான்.

அனுப்புவதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப்போகும், நீங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த 200 பிக்சல் பாதியாகிவிடும். டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள், அல்லது பூச்சி இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி அனுப்புங்கள். கூடவே முழுச் செடி, இலையின் இருபுறம் ஆகிய படங்களும் போகட்டும். பூச்சியை மட்டும் பெரிதாக்கி அனுப்பினால் பார்ப்பவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி "என்ன செடி?" என்பதாகத்தான் இருக்கும்.

## யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பும் காகித நுண்ணோக்கியும்

பெட்டியில் "1000 மடங்கு", "1600 மடங்கு" என்று இருக்கும். நம்பவேண்டாம். சிறு சென்சாரில் விழும் படத்தைக் கணினித் திரையில் விரித்துவிட்டு, திரையின் அகலத்தைக் கணக்கில் சேர்த்துச் சொல்லும் எண் அது. திரையைப் பெரிதாக்கினால் மடங்கும் பெருகும், விவரம் பெருகாது. உள்ளபடியே பயன்படும் பெருக்கம் இருபது முதல் இருநூறுக்குள்தான்.

இருந்தாலும் மேசைமேல் இது நல்ல கருவி. வெட்டிய இலையைப் பரப்பி, ஒரு சதுர செ.மீ.யில் எத்தனை சிலந்தி, எத்தனை முட்டை என்று எண்ணுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வாங்குவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம், நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் திரையில் பார்க்கலாம். தோட்டத்துக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஸ்டாண்ட் இல்லாமல் கையில் பிடித்தால் திரை முழுக்க நிலநடுக்கம்தான். போனோடு இணைக்க ஓடிஜி வசதியும் தனிச் செயலியும் வேண்டும். சில போன்கள் ஏற்காமலும் போகும்.

இலையைப் பறித்துவரும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பறித்த கணத்தில் வளர்ந்த வெள்ளை ஈக்கள் பறந்திருக்கும். வாட ஆரம்பித்ததும் சிலந்திகள் இலையை விட்டு நடக்கும். காற்று அடைத்த பாலிதீன் பையில் போட்டு, வெயில் படாமல் கொண்டுவந்து உடனே பார்க்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழு வடிவமைத்த ஃபோல்ட்ஸ்கோப், காகிதத்தில் மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. 140 மடங்கு. ஒளி பின்புறமிருந்து ஊடுருவி வரவேண்டும் என்பதால் இலைமேல் இருக்கும் பூச்சியை நேரடியாகப் பார்க்க இயலாது. ஒட்டும் டேப்பில் சிலந்தியைத் தொட்டெடுத்துச் சிலைடில் ஒட்டிப் பார்க்கலாம். ஈரியோபைட் சிலந்திக்கு எட்டுக்குப் பதில் நான்கே கால்கள் என்பதைக் கண்ணால் காணவேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு நல்ல வழி. சாம்பல் நோயின் வித்துகளும் தெரியும்.

## மேக்ரோ கேமராக்கள்

ஒலிம்பஸின் டிஜி வரிசை (2019-ல் டிஜி-6, இப்போது ஓஎம் சிஸ்டம் பெயரில் டிஜி-7) லென்ஸிலிருந்து 1 செ.மீ. வரை நெருங்கும், பல ஃபோகஸ் படங்களைக் கேமராவுக்குள்ளேயே அடுக்கி ஒரே தெளிவான படமாக்கும், தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. நெல் வயலில் தூரின் அடியில், நீர்மட்டத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் புகையானை எடுக்க வேண்டும் என்றால் இதற்கு நிகர் இல்லை. அவ்வளவு நெருக்கத்தில் கேமராவின் நிழல் விழும். அதற்கென்று விற்கும் வளைய ஒளிச் சாதனத்தையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள். ஊர் ஊராகப் போய்ப் பூச்சி பார்ப்பதே வேலையாக உள்ளவர்களுக்குத்தான் இந்தக் காசு கட்டுப்படியாகும்.

பெரிய கேமராவும் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் தரும் ஒரே பெரிய லாபம் தூரம். அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி நின்று எடுக்கலாம், வெள்ளை ஈ கலையாது, ஃபிளாஷுக்கு இடம் இருக்கும். பொறிவண்டு அசுவினியைத் தின்பது, ஒட்டுண்ணிக் குளவி முட்டையிடுவது போன்ற காட்சிகள் வேண்டுமென்றால் வேறு வழி இல்லை.

நட்டம் எங்கே என்றால், தெளிவாக விழும் ஆழம். ஒன்றுக்கு ஒன்று அளவில் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/11 வைத்தாலும் ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம்தான் தெளியும். நான்கு மடங்குக்குப் போனால் அது மி.மீ.யில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். காற்றில் ஆடும் மிளகாய்க் கொழுந்தில் அது நடக்காத காரியம். ஃபிளாஷும் அதற்கு முன்னால் ஒளியைப் பரப்ப ஒரு வெள்ளைத் திரையும் கட்டாயம். மழைக்காலத்தில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்காவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், சுத்தம் செய்யும் கூலியில் பல கைலென்ஸ் வாங்கலாம். ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர் மேக்ரோ லென்ஸுக்குப் போகும் முன் ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்ற முன்மாட்டு லென்ஸை முயன்று பார்க்கலாம், செலவு பல மடங்கு குறைவு.

படம் எடுப்பதே இன்பம் என்பவர் தாராளமாக வாங்கட்டும். பயிரைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொண்டு மட்டும் வாங்க வேண்டாம்.

## கையில் ஆயிரம் ரூபாய் இருந்தால்

மிளகாய், வெண்டை, கத்தரி போடுபவர்: 10 மடங்கு கைலென்ஸ் ஒன்று, சுமாரான கிளிப் லென்ஸ் ஒன்று. மிச்சக் காசு வீட்டிலேயே இருக்கட்டும். முரணைச் சிலந்தி ஆண்டுதோறும் வருகிற தோட்டமென்றால் பிறகு 20 மடங்கும் சேர்த்துக்கொள்ளலாம்.

தென்னை மட்டும் வைத்திருப்பவர்: கைலென்ஸ் போதும். உயரத்தில் இருக்கும் ஓலையை எந்தக் கேமராவும் கீழே கொண்டுவராது, தொரட்டியால் ஒரு கீற்றை இழுத்துப் பார்ப்பதுதான் வழி.

மாடித்தோட்டக்காரர்: கிளிப் லென்ஸ். உங்கள் தேவை பெரும்பாலும் யாரிடமாவது காட்டிக் கேட்பதுதான்.

ஆசிரியர்: யூஎஸ்பி மைக்ரோஸ்கோப், ஆயிரத்தைத் தாண்டினாலும்.

## படமே போதாத இடம்

இலைப்பேன் என்று சொல்லப் படம் போதும். எந்த இலைப்பேன் என்று சொல்லப் போதாது. நிபுணர்கள் முதிர்ந்த இலைப்பேனைச் சிலைடில் பதித்து, மயிர்களையும் கொம்புகளின் கணுக்களையும் பார்த்துத்தான் பெயர் சொல்வார்கள். வெள்ளை ஈக்குப் பறக்கும் ஈ உதவாது, இலையோடு ஒட்டிய கூட்டுப்பருவம் வேண்டும். மாவுப்பூச்சிக்கு முதிர்ந்த பெண் வேண்டும்.

இது வெறும் பெயர் ஆசை அல்ல. 2008-ல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் தாக்கியது. அதற்கு எதிராக 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட குளவிகள் நன்றாக வேலை செய்தன. பிறகு 2020-ல் திருச்சூரில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் மரவள்ளிக்கும் வந்தது வேறொரு பூச்சி, மரவள்ளி மாவுப்பூச்சி எனப்படும் ஃபெனாகாக்கஸ் மனிஹோட்டி. அதற்கு அனாகைரஸ் லோபெசி என்ற வேறு குளவி வேண்டியிருந்தது. ஒரே மரவள்ளிச் செடியில் வெள்ளையாக இருக்கும் இரண்டு பூச்சிக்கு இரண்டு வைத்தியம். எந்தக் குளவி என்பதைப் பூச்சியின் பெயர்தான் தீர்மானித்தது.

புதிதாக எதையாவது பார்த்தால், படம் எடுத்த கையோடு மாதிரியும் எடுத்துவிடுங்கள். மூடி இறுக்கமான சிறு குப்பியில் 70 சதவீத ஆல்கஹால். இலைப்பேனைப் பிடிக்க ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய ஓவியத் தூரிகை, விரல் வேண்டாம். வெள்ளை ஈயின் கூட்டுப்பருவம் ஒட்டியிருக்கும் இலைத் துண்டை மட்டும் நசுங்காமல் காகித உறையில் காயவையுங்கள். மாவுப்பூச்சியில் ஒரு வசதி உண்டு: பப்பாளி மாவுப்பூச்சி ஆல்கஹாலில் போட்டுவைத்தால் கருநீலமாக மாறும். உயிரோடு இருக்கும்போது அது மஞ்சள், மரவள்ளி மாவுப்பூச்சியோ இளஞ்சிவப்பு. அதையும் போட்டோவில் பிடித்துவையுங்கள், குப்பிக்குள் போனபின் நிறம் நிற்காது.

பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையிலோ கொடுக்கலாம். குப்பிக்குள் ஒரு சிறு சீட்டுப் போடுங்கள்: ஊர், தேதி, என்ன செடி, செடியின் எந்தப் பகுதி. பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.